ஷாங் அரசர்களும் உங்கள் அண்ணரின் மூன்று கனவுகளும்

"இஞ்சாருங்கோ" என்று மூன்று தரம் கூப்பிட்டாலும் புத்தகத்திலிருந்து நிமிராத என் அன்பரே,

நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. நேற்று உங்கள் ஆட்டைத்திவசம். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் முருங்கையிலை வறையும் வைத்துத்தான் படைத்தேன். இருந்தும் இதை எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணருடைய கனவுக்குள் எதற்காகப் போகிறீர்கள்?

முதல் கனவு முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த கிழமை. சைக்கிளை அண்ணருக்குக் கொடுக்கச் சொன்னீர்களாம். கொடுத்தேன். அடுத்தது விதைப்புக்கு முன். உழவு மாடு இரண்டும் அவருடைய பட்டிக்குப் போகவேண்டுமாம். அவற்றையும் விட்டேன். வீட்டுச் செலவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாளையும் கனவையும் பிறகு நடந்ததையும் குறித்து வைத்தேன். அப்படிக் குறிக்கவேண்டும் என்று தோன்றியதே உங்கள் கதையால்தான்.

சோற்றைப் பிசைந்தபடி சீன தேசத்து ஷாங் வம்சத்தைப் பற்றிச் சொல்வீர்களே. மூவாயிரம் வருடத்துக்கு முந்திய அரசர்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, பல்வலிக்கு எந்த மூதாதையின் கோபம் காரணம் என்று எல்லாவற்றையும் இறந்தவர்களிடம் கேட்பார்களாம். ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் சூடு வைப்பார்கள். விழுகிற வெடிப்புத்தான் மறுமொழி. கேட்ட நாளையும் கேள்வியையும், சிலவேளை பிறகு நடந்ததையும் அதிலேயே பொறித்து வைப்பார்கள்.

"அந்த வெடிப்பை ஆர் வாசிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அனேகமா அரசன்தான்," என்றீர்கள்.

"பிறகேன் செத்தவையைக் கேக்கிறான்?"

சிரித்துவிட்டு மோர் கேட்டீர்கள்.

ஓர் அரசிக்குப் பிள்ளைப்பேறு நல்லபடி அமையுமா என்று கேட்டுவிட்டு, "நல்லதாக அமையவில்லை, பெண்" என்று பொறித்த எலும்பும் உண்டு என்றீர்கள். படை நடத்திப் போன அரசியாம் அவள்! அவள் பெற்ற பிள்ளைக்கே அந்தக் கதி. அன்றைக்கு முழுதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

நேற்றுப் படையல் முடிந்து எல்லோரும் இலைக்கு முன் இருந்த நேரம். எங்கள் வசந்திக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்த கடிதத்தை உங்கள் படத்தடியில் வைத்திருந்தேன். அண்ணரின் கண் அதில் விழுந்தது.

"தங்கச்சி, தம்பி விடியப்புறம் கனவிலை வந்தவன்," என்று தொடங்கினார். "பெட்டையைப் படிக்க அனுப்பாதேங்கோ, அண்ணியின்ரை தம்பி மோனுக்குக் கட்டி வையுங்கோ எண்டு அழுதவன்."

முன்வீட்டுப் பாக்கியமக்கா பாயசம் வார்த்தபடி கேட்டார்: "ஏன் அண்ணை, அந்த மனிசனுக்கு உங்கடை வீட்டுப் பாதை மட்டும்தானோ தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய்க் கொப்பியை எடுத்து வந்தேன்.

"முதல் சைக்கிள், பிறகு மாடு, இப்ப பிள்ளை," என்று வாசித்தேன். "சைக்கிள்ளை உங்கடை மோன் திரியிறான். மாடு ரண்டையும் வித்திட்டியள். மூண்டு கனவிலையும் உங்களுக்கு வேண்டியதைத்தானே, அத்தான், அவர் சொல்லியிருக்கிறார்? சீனாவிலை ஷாங் அரசரும் இப்பிடித்தான். கேக்கிறதும் அவை, மறுமொழி வாசிக்கிறதும் அவை."

"கூடப் பிறந்தவன்ரை சொல்லை விட்டிட்டுச் சீனாக்காரன்ரை எலும்பைக் காவுறியோ? உனக்கு வந்து என்ன சொன்னவன்? சொல்லு பாப்பம்!" என்றார் அண்ணர்.

அந்த இடத்தில்தான் ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. "எனக்கும் வந்தவர், பிள்ளையை அனுப்பச் சொன்னவர்" என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். விரதம் தவறாதவள் பொய் சொல்லமாட்டாள் என்று முள்ளியவளை ஊர் முழுதும் நம்பியிருக்கும். வசந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆனால் அப்படிச் சொன்னால் நானும் வெடிப்பை என் விருப்பத்துக்கு வாசிக்கிறவள்தானே? விடிய எழும்பிப் பிள்ளையாரின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

"எனக்கு ஒருநாளும் வரேல்லை, அத்தான்," என்றேன். "நான்தான் சொல்லுறன். பிள்ளை போகட்டும்."

அண்ணர் சோற்றில் கைவைக்காமல் எழுந்து போனார். பாதிச் சனம் அவர் பின்னால் போனது. இன்று காலை கோயிலடியில் இரண்டு பேர் என்னைக் கண்டும் காணாத மாதிரி நடந்தார்கள். திங்கட்கிழமை வசந்தியை மாங்குளத்தில் ரயிலேற்ற நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவள் போவது உங்களுக்குச் சம்மதமா? எனக்குத் தெரியாது. என் எரிச்சலெல்லாம் அதுதான். எந்தக் காலத்திலோ செத்த அரசர்கள் என்ன கேட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்றெல்லாம் சொன்ன மனிதர், சொந்தப் பிள்ளையைப் பற்றி மனதிலிருந்ததை ஒரு வார்த்தை சொல்லி வைத்தீர்களா?

போகட்டும். உங்கள் வாயில் நான் ஒருநாளும் ஒரு சொல்லை வைக்கமாட்டேன். வேறு யாரையும் வைக்கவிடவும் மாட்டேன். வசந்தியை அனுப்பியது பிழையென்று ஆனால், அது உங்கள் பிழை அல்ல, முழுக்க என்னுடையது.

என்றும் உங்கள் மனைவி,
வசந்தியின் அம்மா