உள்ளறைக்கு ஒரு கேபிள்

தோஸ்த்,

இன்று காலை வாணியம்பாடியில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கேபிள் முனையில் ஜாக்கை அழுத்தி மாட்டுகிற கிரிம்பிங் டூலைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் உன் ஸ்கார்ஃப் ஊசி, பச்சை முத்து வைத்தது. ரவுட்டரின் முதுகில் இருக்கும் பொடித் துளைக்குள் விட்டு ரீசெட் செய்ய, மற்றவர்கள் கம்பி தேடுவார்கள், குச்சி தேடுவார்கள். நீ தலையிலிருந்து ஒரு ஊசியை உருவுவாய், வேலை முடிந்துவிடும். விரலைச் சப்பிக்கொண்டே சிரித்துவிட்டேன். அந்த வீட்டு மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என்னைக் குத்தாமல் இருக்க முடியவில்லை உனக்கு.

ஆம்பூரில் நாம் செய்த முதல் வேலை நினைவிருக்கிறதா? ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்து, வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம். யோசனை உன்னுடையது. உங்கள் தெரு வீடுகளில் நெட் லைன் போட வரும் ஆண்கள் முன்கூடத்துத் திரையைத் தாண்ட மாட்டார்கள். ரவுட்டரை அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பழைய காலத்துத் தடித்த சுவர், சிக்னல் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. பகலெல்லாம் வீட்டில் இருக்கிற பெண்கள் உள்ளே, நெட் வெளியே. "அவங்க போக முடியாத எடத்துக்கு நாம போவோம்டி. நமக்கு இன்னா திரை?" என்றாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நானும் பர்தா போட்ட நீயும், நடுவில் டிரில்லிங் மிஷினை வைத்துக்கொண்டு ஒரே ஸ்கூட்டியில் கிளம்பினோம். தெருவே திரும்பிப் பார்த்தது. நீ ஹாரன் வேறு அடித்தாய்.

முதலில் போன வீட்டு பாய் தோல் வியாபாரி. ரவுட்டரைக் கண்ணாடி ஷோகேஸுக்குள், பீங்கான் கிண்ணங்களுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தார். தூசி படக்கூடாதென்று அவர் மனைவி அதற்கு நூலில் ஒரு உறை பின்னிப் போட்டிருந்தார். நல்ல வேலைப்பாடு, ரோஜாப்பூ டிசைன். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். நீ மட்டும் அழகாக இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் மனசாரச் சொன்னாய்.

மகள் அஃப்ரீன் பி.காம் முடித்தவள். வீட்டிலிருந்தே செய்கிற ஒரு கணக்கு வேலைக்கு அவளுக்கு இண்டர்வியூ வந்திருந்தது. முதல் தடவை பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிட்டது. கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தாள், அன்றைக்கே, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு. இதுவும் அறுந்தால் வேலை வேறு யாருக்கோ. அந்தப் பெண் நம் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷோகேஸை விட்டு ரவுட்டரை எடுக்க பாய் சம்மதிக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். சரி, ராஜா அங்கேயே இருக்கட்டும், உள்ளே ஒரு மந்திரியை வைப்போம் என்றாய். சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுத்து, உள்ளறையில் இன்னொரு ரவுட்டர். அங்கேதான் நம் சாமர்த்தியம் வெளிப்பட்டது. டிரில் பிட் பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் துளைத்தால் நடுவில் சேரும் என்று கணக்குப் போட்டோம். அளவு டேப் ஸ்கூட்டியிலேயே இருந்தது, போய் எடுத்துவரச் சோம்பல். கதவு நிலையிலிருந்து உள்பக்கம் நான் சாண் போட்டேன், வெளிப்பக்கம் நீ சாண் போட்டாய். என் கை நீளம், உன் கை குட்டை. நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

ஓட்டைகள் சேரவில்லை. வீடெல்லாம் சுண்ணாம்புத் தூள், உன் கறுப்பு பர்தா வெள்ளையாகிவிட்டது. நான் அழாத குறை. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அப்போது அந்த அம்மா அடுப்படியிலிருந்து கபாப் சுடுகிற கம்பியை எடுத்து வந்து, "இத்த உட்டு நோண்டிப் பாருங்கம்மா" என்றார். சாய்வாக விட்டு நோண்டினோம். காரை உதிர்ந்தது. திடீரென்று கம்பி வழுக்கிக்கொண்டு போய், முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாயின் தோளுக்குப் பக்கத்தில் நீட்டியது. அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "ரவுட்டர் போடறீங்களா, கபாப் போடறீங்களா?" என்று கேட்டார்.

கேபிளைக் கம்பியில் கட்டி இழுக்கலாமென்றால், நான்தான் அவசரக்குடுக்கையாக முனையில் முன்பே ஜாக் மாட்டிவிட்டிருந்தேன். ஓட்டைக்குள் அது நுழையாது. வெட்டி எறிந்தேன். இழுத்து முடித்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் மீதம் ஒரே ஒரு ஜாக். வெளியே லுஹர் பாங்கு கேட்டது. நீ வெள்ளை ஆரஞ்சிலிருந்து பழுப்புவரை கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயர்களின் நிறத்தையும் வரிசையாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் செருகி அழுத்தினேன். டெஸ்டரில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வந்து, ஆறாவது எரியாமல் தாண்டிப்போனது. அஃப்ரீனின் முகம் செத்துவிட்டது. நீ என் கைமேல் உன் கையை வைத்தாய். இருவருமாக டூலை இன்னொரு முறை அழுத்தினோம். எரிந்தது.

என் போனில் வேகம் பார்க்கிறேன் என்று உள்ளே போன என்னை, நீ கையைப் பிடித்து வெளியே இழுத்தாய். "பச்ச லைட்டு நமக்கு. அவ அவ எடத்துல உக்காந்து, கதவ சாத்திக்கினு பேசணும். அதான் டெஸ்ட்டு" என்றாய். கதவைச் சாத்தியவளும் நீதான்.

அடுப்படியில் மிக்ஸி நின்றது. பாய் வருகிற போனையெல்லாம் கட் செய்தார். நீ வாய்க்குள் துஆ ஓதினாய், நான் என் பங்குக்கு ஜெபித்தேன். கதவு திறந்தபோது அந்தப் பெண், "ஒருவாட்டிகூட கட் ஆவல அக்கா" என்றாள். வேலை கிடைத்த அன்று அந்த வீட்டிலிருந்து நமக்கு இனிப்பு வந்தது, மக்கன் பேடா. என் பங்கையும் நீயே தின்றாய்.

கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் வார்டு ரவுட்டர் தப்பான மூலையில் இருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டாய். அந்தச் சண்டையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நீ இல்லாத ஸ்கூட்டி ரொம்ப லேசாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இன்றைய வீட்டிலும் உள்ளறைக்குத்தான் கேபிள். வேலை முடிந்ததும் அந்த மருமகளை அவள் இடத்தில் உட்காரவைத்து, யாரிடம் பேச ஆசையோ பேசச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து குப்பையைக் கூட்டினேன். பிறகு உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு, மாமியார் கேட்பாரே என்ற பயமெல்லாம் இல்லாத சிரிப்பு. யாரிடம் சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. லைன் நன்றாக இருக்கிறதடி. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.