நான் மெட்ராஸில் இருந்த வருஷம்

ஜூன் 10, 1957. திங்கள்.
காலையிலிருந்தே தூறல். குடை அப்பாவோடு மில்லுக்குப் போய்விட்டது. நனைந்துகொண்டே லா காலேஜ். பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு கிழவருக்கும் நயா பைசாச் சண்டை. கிழவர் ஜெயித்தார்.

குமாஸ்தா என் பி.ஏ. மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நடுவில் ஒரு வருஷம் பரீட்சையே இல்லை, பிறகு தேர்டு கிளாஸ். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பிரின்சிபாலே விசாரிப்பாராம்.

காரணம் டி.பி. ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. திரும்பி வந்து அரை உடம்போடு எழுதிய பரீட்சை. ஆனால் ஸ்ரீராம்புரத்தில், எங்கள் சந்தில், நான் அந்த வருஷம் மெட்ராஸில் வேலை பார்த்தவன். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். டி.பி. வீடு என்று பெயர் விழுந்தால் தங்கை வசந்தாவை யார் கட்டுவார்கள்?

ஜூன் 11. செவ்வாய்.
அம்மா முந்திக்கொண்டாள். மார்க்கெட் பக்கம் ஒரு டாக்டரிடம் டைஃபாய்டு என்று எழுதி வாங்கி வந்துவிட்டாள். "டைஃபாய்டுன்னா யாரும் மூஞ்சியைச் சுளிக்க மாட்டாங்கடா."

வ.: "ஒரு வருஷமா டைஃபாய்டு? வக்கீலுக்குப் படிக்கப் போறவன் பொய்யோடவா உள்ள நுழைவே? சரி, தொழிலுக்கு ஒத்தாசையா இருக்கும்."

கை ஓங்கினேன். ஓடிவிட்டாள்.

நிஜ சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில். எடுத்தேன், பார்த்தேன், வைத்தேன். மில் பஞ்சுத் தூசி இந்த மார்புக்கு ஆகாது. பாரம் தூக்கக் கூடாது. பேசிப் பிழைக்கிற வேலை ஒன்றுதான் எனக்குப் பாக்கி. சீட் இல்லையென்றால்? யோசிக்கவே பயம்.

வாங்க: ரவை, ஏலக்காய், பூ, ஷூ பாலிஷ். நாளை வ.வைப் பெண் பார்க்க வருகிறார்கள். தங்கவயல்காரர்கள். பையன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்.

ஜூன் 12. புதன்.
"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது." அம்மா காலையிலிருந்து இதே பாட்டு.

பையன், அவன் அம்மா, சித்தப்பா. பையன் வ.வைப் பார்க்க வெட்கப்பட்டுக் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பிடித்துவிட்டது.

பையனின் அம்மா: "தம்பிக்கு மெட்ராஸ்ல இன்னா வேலையா இருந்துச்சு?"

அம்மா: "ஹார்பர்ல." அதே மூச்சில் அப்பா: "பிரஸ்ல."

அட கடவுளே! இத்தனை காலமாகச் சொல்கிற பொய், இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

வ. காபித் தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணன் மெட்ராஸையே பார்த்ததில்லீங்க. டி.பி. வந்து ஆஸ்பத்திரியில இருந்துச்சு. இப்ப நல்லாயிடுச்சு. காலேஜ்லயும் இதைத்தான் சொல்லணும். நாளைக்கு வேற யாராச்சும் வந்து உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி, நானே சொல்லிட்டேன்."

"ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பையன் மட்டும் வாசலில் நின்று, "உடம்பைப் பார்த்துக்கங்க" என்றான் என்னிடம்.

அம்மா வ.வை அறைந்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள்.

ஜூன் 13. வியாழன்.
அம்மாவுக்கு எங்கள் இருவரோடும் பேச்சில்லை. சோறு மட்டும் விழுகிறது, டங்கென்று. ஷூ பாலிஷ் மறந்தே போச்சு.

வ. பாத்திரம் தேய்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாம்.

"ஏண்டி அப்படிச் செஞ்சே?"

"நீ அங்க படுத்துக்கினு இருந்தே. இங்க யார் கேட்டாலும் சிரிச்சுக்கினே மெட்ராஸ், மெட்ராஸ்னு சொன்னது நான். எனக்கு அழக்கூட இடமில்ல அண்ணா. போதும்."

பைத்தியக்காரி. இவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று இவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. சாம்பல் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 14. வெள்ளி.
நல்ல வெயில். நிஜ சர்ட்டிபிகேட்.

பிரின்சிபால், "குத்கோளப்பா" என்று கன்னடத்தில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். டி.பி. என்று படித்ததும் பின்னால் நகர்வார் என்று பார்த்தேன். நகரவில்லை. கோர்ட்டில் உரக்கப் பேச மூச்சு இருக்கிறதா என்று கேட்டு, மேஜைமேல் இருந்த சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பியூன் எட்டிப் பார்த்தான். "போதும்ப்பா, மூச்சு விடு" என்று சிரித்தார்.

சீட் கிடைத்தது!!

வீட்டில் சொன்னேன். அப்பா முதுகில் தட்டினார், நான் உடைந்துவிடுவேன் என்பதுபோல் மெதுவாக. வ. குதித்தாள். அம்மா நிறைகுடத்தை அண்டாவில் கவிழ்த்துவிட்டுத் தெருக்குழாய்க்குக் கிளம்பினாள். இருவரும் பின்னாலேயே ஓடினோம்.

குழாயடி நிறையப் பெண்கள். அம்மா நடுவில் நின்று போட்டாள் ஒரு சத்தம். "எம் மவன் மெட்ராஸுக்குப் போவல. டி.பி. வந்து பொழைச்சவன். இப்ப வக்கீலுக்குப் படிக்கப் போறான். எவ வேணா இன்னா வேணா பேசிக்கோங்க!"

எதிர்வீட்டு முனியம்மா தன் குடத்தை நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா. ஆஸ்பத்திரி கேட்டாண்ட முட்டைக் கூடையோட நீ நிக்கறதை எத்தினி வாட்டி பார்த்திருக்கோம். நீ மெட்ராஸ்னே, நாங்களும் மெட்ராஸ்னோம். குடத்தை வை, தண்ணி நிக்கப் போவுது."