மரேதா நடிக்கவில்லை

அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அப்படி எழுதினால் அது பொய். உன் அப்பா சுகம், தோட்டத்தில் சேப்பங்கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது, உன் தங்கை மரேதா பிழைத்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள், நான் மட்டும் கோபத்தில் வெந்துகொண்டிருக்கிறேன். பெர்த்தில் நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி ஜெபம். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, இப்போது தேவலை என்று போனில் நான் அவசரமாக முடித்துக்கொண்டதில் உனக்கு வருத்தம் இருக்கும். நான் பேசும்போதெல்லாம் அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள், அவள் காதில் விழும்படி இதையெல்லாம் எப்படிச் சொல்வது. உன் சித்தி மகள் லூபே இந்த வாரம் அங்கே வருகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி.

பிள்ளைகள் பண்டிகையான வெள்ளை ஞாயிறுக்கு முன்னாலேயே மரேதாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கோவிலில் வசனம் சொல்ல வேண்டும் என்று கஷாயத்தைக் குடித்துவிட்டு நின்றாள், நன்றாகத்தான் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் இன்னொன்று, பிறகு முழங்கை, காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தது. எதிர்வீட்டு தவீதாவுக்கு இப்படி ஆரம்பித்துத்தான் இதய நோய் என்று மாதாமாதம் ஊசி போடுகிறார்கள், அந்த பயத்தில் பஸ் ஏறி நம் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இப்போது எனோசாதான் டாக்டர். பக்கத்து ஊர் அபெரமோ பெரியவரின் மகன், பள்ளியில் உனக்கு மேல் வகுப்பில் படித்தானே, வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறான். நம் மொழியில் பெரியவர்களிடம் பேசுவதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான் போலிருக்கிறது, எடுத்த எடுப்பில் நீ, வா, போ. மூட்டு வீக்கத்தைச் சொன்னேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமை திங்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லு" என்றான். தவீதாவைப் போல இதயத்தில் ஏதாவது இருக்குமோ என்று கேட்டேன். நர்ஸைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, "இந்த அம்மா எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்கன்னு கேளு" என்றான். கழுத்தில் குழாய் தொங்குகிறது மகளே, பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எடுத்து அவள் நெஞ்சில் வைக்கவில்லை. வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டான்.

நான் பேசாமல் எழுந்து வந்தேன். படித்தவன், பெரிய குடும்பத்துப் பிள்ளை, அவனுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். பிறகு மரேதாவின் கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. கோப்பையை எடுப்பாள், கொக்கோ முழுக்கப் பாயில் கொட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணும். பயந்துபோய் மறுபடியும் அவனிடமே ஓடினேன், தீவில் வேறு யார் இருக்கிறார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தான், வெளியே பெஞ்சு நிறைய ஜனம். அத்தனை பேர் காதிலும் விழும்படி "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காத பிள்ளைங்க பண்ற வேலை இது. ஏய், நடிக்காதே, கையை ஒழுங்கா வை" என்று உன் தங்கையை அதட்டினான். வெளியே சிலர் சிரித்தார்கள். அவர்கள் முகமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் மரேதா தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து வந்தாள். அன்றிலிருந்து வலிக்கிறதா என்று கேட்டால் "இல்லம்மா" என்பாள். படுத்தால் மூச்சு முட்டியிருக்கிறது, தூணில் சாய்ந்தே தூங்கினாள், ஏன் என்று கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்றாள். மறுபடியும் நடிக்கிறாள் என்று சொல்லிவிடுவோமோ என்று பெற்ற தாயிடமே மறைத்திருக்கிறாள். இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஒருநாள் கோவில் படியேறும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், போதகரின் வண்டியில் துறைமுகம் போய், புறப்படவிருந்த கப்பலை நிறுத்தச் சொல்லி, அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கே ஒரு பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து "உனக்கு என்ன கண்ணு பண்ணுது" என்று அவளிடமே கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே உன் தங்கை முதலில் சொன்னது என்ன தெரியுமா, "நான் நடிக்கல டாக்டர்." அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை யாரும்மா அப்படிச் சொன்னது" என்று கேட்டுவிட்டு அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். தொண்டைக் காய்ச்சல் மூட்டுக்கு இறங்கி இதயத்தையும் கடித்துவிட்டதாம், கை துள்ளியதும் அதனால்தானாம், இரண்டு வால்வு கசிகிறதாம். இனி மாதாமாதம் ஊசி, வளர்ந்து பெரியவளாகும்வரை. பின்னால் நியூசிலாந்துக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம், வராமலும் போகலாம். "முதல் தடவையே பார்த்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் கையால் குத்தினேன், விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது.

வீட்டுக்கு வந்த மறுவாரம், விடியும் நேரத்தில், அபெரமோ பெரியவர் நம் முற்றத்தில் வந்து மண்டியிட்டிருந்தார். இஃபோகா, பிள்ளை செய்த குற்றத்துக்குக் குடும்பமே வந்து கேட்கும் மன்னிப்பு. தலைமேல் குடும்பத்து மெல்லிய பாய், அதை நாம் எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். பக்கத்தில் அவர் மனைவி, அவர் தம்பி, பின்னால் கட்டிய பன்றி, மீன் டின் பெட்டிகள். உன் அப்பா பதறிப்போய் "இந்தா, வா, பாயை எடுக்கணும், அவ்வளவு பெரிய மனுஷன் மண்ணுல உட்காரலாமா" என்றார். எனோசா அங்கே இல்லை. "செஞ்சவன் எங்க, முதல்ல அதைக் கேளுங்க" என்றேன். அவர் கேட்கமாட்டார், உன் அப்பாவை உனக்குத் தெரியாதா. நானே போய்ப் பாய்க்கு முன்னால் குந்தி "ஐயா, உங்க பையன் எங்க" என்று கேட்டேன். பாய்க்கடியிலிருந்து அவர் மனைவிதான் அழுதுகொண்டே "டூட்டி இருக்குன்னுட்டான் தாயி" என்றாள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, கிழவரின் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து பாயை எடுத்துவிட்டேன். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல ஐயா, உங்க முழங்காலுக்காகத்தான் இதை எடுத்தேன். உங்க பையனை மன்னிச்சேன்னு ஊர்ல யாரும் சொல்லிக்க வேண்டாம்" என்றேன். மூவரையும் உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். பாயையும் பன்றியையும் அவர்களோடேயே திருப்பி அனுப்பினேன். அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை, போதகர் வந்து "வழக்கத்தை உடைச்சிட்டியே தவலோஃபா" என்றார். உடைந்தது என் பிள்ளையின் இதயம் போதகரே, வழக்கம் முழுசாகத்தான் இருக்கிறது என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் எனோசாவே வந்தான். காரை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்தான். இளைத்துப் போயிருந்தான், கண் சிவந்திருந்தது, பார்த்ததும் எனக்கு இரக்கம் வரப் பார்த்தது, அதை விழுங்கிக்கொண்டேன். "நான் ஒருத்தன்தான் டாக்டர், கூட்டம் தாங்க முடியல, எல்லாரையும் தொட்டுப் பார்க்க நேரமில்ல" என்றான். இந்த முறை மரியாதையான பேச்சில்தான் சொன்னான். "கேலி பண்றதுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது டாக்டர்" என்று கேட்டேன். குனிந்த தலை நிமிராமலே "தப்புதாங்க. பிள்ளைகிட்டயே சொல்லிடறேன், கூப்பிடுங்க" என்றான். மரேதா பின்கட்டு அடுப்படியில் இருந்தாள். கூப்பிட்டேன். "நான் வரமாட்டேன்னு சொல்லும்மா" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி. அப்பா எழுந்து அவளை இழுத்துவரப் போனார், நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அவ வரமாட்டா டாக்டர். அது அவ இஷ்டம்" என்றேன். முன்னால் வைத்த கொக்கோவைத் தொடாமல் எழுந்து போனான்.

அவன் மாறினானா இல்லையா என்பதை நான் அவனிடம் விடவில்லை. நம் பெண்கள் கமிட்டியைக் கூட்டிப் பேசி, ஆஸ்பத்திரி நாளெல்லாம் முறைவைத்து இருவர் அந்த பெஞ்சில் உட்காருகிறோம். தனியாக வரும் எந்தத் தாயோடும் எங்களில் ஒருத்தி உள்ளே போகிறாள். நீங்கள் யார் என்று நர்ஸ் கேட்டால் பிள்ளைக்குச் சித்தி என்கிறோம். "எல்லாப் பிள்ளைக்கும் நீங்களேதான் சித்தியா" என்று அவனே ஒருநாள் கேட்டான். "பெரிய குடும்பம் டாக்டர்" என்றாள் அன்றைக்கு முறையிருந்த நம் கமிட்டி ஃபெதாலாய். இப்போதெல்லாம் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கிறான். பயத்தினாலா, புத்தி வந்ததினாலா தெரியாது. என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

இனி உன் விஷயம். மாதாமாதம் வயிற்று வலியில் எழுந்திருக்க முடியாமல் நீ வேலைக்கு லீவு போடுகிறாய் என்றும், அங்கே உள்ள டாக்டர் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்றும், நீயும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாய் என்றும் மரேதா சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் மிரட்டிக் கேட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த டாக்டரிடமோ வேறு டாக்டரிடமோ போ. லூபேயைக் கூட்டிக்கொண்டு போ, அவள் வாய் நல்ல வாய். தொட்டுப் பார்க்காமல் அனுப்பினால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அங்கே அது மரியாதைக் குறைவு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் உடம்பில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். லூபேயிடம் கொக்கோ கட்டி கொடுத்திருக்கிறேன், அதில் பாதி அவளுக்கு. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய், என்ன சொன்னார் என்பதை ஒன்று விடாமல் சொல், மரேதா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவளும் கேட்கட்டும்.

உனக்காகக் காத்திருக்கும்
அம்மா தவலோஃபா