சுகந்தி எழுதிய இஃப்

தை 8, வியாழன்

பனி. வாய்க்கால் மேடு தெரியவில்லை. வெயில் ஏற எட்டரை ஆகிவிட்டது.

இன்றைக்கு: ஆட்டுக்குத் தழை. கால் வலிக்கு மாத்திரை வாங்க. இஃப் பாடம் இன்னொரு தடவை.

நெல் பழுத்துவிட்டது. வாயில் போட்டுக் கடித்தால் கடக் என்கிறது. மழை வராவிட்டால் ஒரு வாரம் தாங்கும்.

காலையில் போனில் நெட் பக்கத்தைத் திறந்தேன். அறுப்பு மெஷின் வரிசையில் என் நம்பர் பதினாலு. மத்தியானம் பார்த்தால் பதினேழு. ரேஷன் கடையில் நின்றால் ஆள் போகப் போக நாம் முன்னே போவோம். இது பின்னே போகிறது.

மெஷின் ஆத்தூர் பக்கத்து மெஷின். தை பிறந்தால் வரும். ஊரில் அதற்கு புரோக்கர், என்கூடப் படித்த சுகந்தியின் அண்ணன் ஏழுமலை. முன்னெல்லாம் அவர் வாசலில் போய் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் வயல் முதலில். எங்கள் காலனிக்காரர்கள் அங்கே சத்தம் போடுவதில்லை. அதனால் கடைசியில்தான் வரும். இந்த வருஷம் சுகந்தி அதற்கு ஒரு பக்கம் செய்தாள். பெயர், தெரு, எவ்வளவு நிலம், போன் நம்பர். போட்டால் வரிசை நம்பர் வரும். எங்கள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பதிந்து கொடுத்தவள் நான். "யார் வாசல்லயும் நிக்க வேணாம், கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது" என்று சொன்னவளும் நான்தான்.

சாயங்காலம் சுகந்தி வீட்டில் பாடம். கேட்டேன்.

"ஏன்டி நம்பர் ஏறுது?"

"மெஷின் பறந்தா வரும்? உங்க வயலு உள்ள கெடக்குது. முன்னாடி இருக்கறவங்க அறுத்தாத்தான பாதை. பாதைய வெச்சிக் கணக்குப் போடுது."

நியாயம்தான். நிற்கிற பயிர் மேல் யார் மெஷின் விட ஒப்புவார்கள்.

இஃப் என்றால் இன்னா என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "இப்பிடி இருந்தா இதச் செய், இல்லன்னா அதச் செய்." இதற்கு ஒரு பாடமா. என் மாமியார் நாள் முழுக்க அப்படித்தான் பேசும். மழை வந்தா வறட்டிய உள்ள எடுத்து வை, வராட்டி அப்பிடியே கெடக்கட்டும். பாவம், அதுதான் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் பாஷை என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தது.

தை 9, வெள்ளி

கிழக்கே மேகம். காற்று ஈரமாக.

சர்வர் விஷயம் இன்றைக்குத்தான் தெளிந்தது. மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். மதகடிப்பட்டில் முன்னே ஒரு ரைஸ் மில் இருந்தது. இந்தப் பக்கம் மூட்டையைக் கொட்டுவோம், அந்தப் பக்கம் அரிசி வரும். நடுவில் நடப்பது சுவருக்கு உள்ளே. ஒரு தடவை எங்கள் அப்பா, நம்ம நெல்தான் நமக்கு வருதா என்று பார்க்க உள்ளே தலையை விட்டு, முகம் முழுக்கத் தவிடோடு வெளியே வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இன்னா பார்த்தீங்க என்று கேட்டால், "இருட்டா இருந்துச்சி" என்றார். சர்வர் அப்படி. நாம் போனில் பெயரைப் போடுகிறோம், அது அங்கே போகிறது, பிஎச்பி அரைக்கிறது, நம்பர் மட்டும் வெளியே வருகிறது. பக்கத்தின் உள்ளே இருப்பதைப் பார்க்க பிரவுசரில் ஒரு வழி இருக்கிறது, அதில் பார்த்தாலும் அரைத்தது தெரியாது. வந்த மாவு மட்டும்தான்.

அரிசி என்று ஆரம்பித்து மாவில் முடித்துவிட்டேன். இருக்கட்டும்.

நானே எழுதிய பக்கம் இன்று ஓடியது. பெயரைக் கேட்டு "வணக்கம் மல்லிகா" என்று சொல்கிறது. அதற்கு முன் காலை முழுக்க வெள்ளைப் பக்கம். வரி முடிவில் போட வேண்டிய செமிகோலன் ஒன்றை விட்டிருந்தேன். சுகந்தி கொடுத்த பழைய லேப்டாப், அதில் அந்தப் பட்டன் ஆடும், அழுத்திக் குத்த வேண்டும். பக்கம் வந்ததும் யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. வீட்டில் ஆடுதான் இருந்தது.

குழாயடியில் எதிர்வீட்டு அஞ்சலை அக்கா.

"இன்னாடி மல்லிகா, உன் பொட்டி இன்னா சொல்லுது?"

"பத்தொம்போதுக்கா."

"நேத்து பதினாலுன்னியே. இன்னா வரிசடி இது, பின்னாடி நடக்குது?"

"உள்ள இருக்கற வயலுக்கா. பாதை வேணுமில்ல."

"எந்தப் பாத? வாய்க்கா மேட்டுல மெஷின் எறங்கல போன வருசம்? உன் கம்ப்யூட்டரு வாய்க்காலப் பாத்துச்சா?"

குழாயடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. வாய்க்கால் மேட்டில் இறங்கியது உண்மை.

தை 10, சனி

மூட்டம். தூறல் இல்லை. கடலில் ஏதோ இருக்கிறது என்று டிவியில்.

சுகந்தி கடலூரில் வளைகாப்புக்குப் போய்விட்டாள். பாடம் இல்லை. சும்மா இருப்பானேன் என்று, என் வணக்கம் பக்கத்திலும் ஒரு வரிசை நம்பர் வர வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுகந்தி எழுதியதைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம். பழகுவதற்கு எனக்கு சர்வரில் ஒரு இடமும் பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறாள். அதற்குள் போனால் கூடவே மெஷின் வரிசைப் பக்கத்தின் பைலும் இருக்கும். "வேணும்னா தொறந்து பாரு, உனுக்கு இப்ப புரியாது" என்று அவளே முன்பு சொன்னதுதான்.

திறந்தேன். ஒரே டாலர் குறி, பிஎச்பியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அது வரும். பெயர் ஒரு டாலர், நிலம் ஒரு டாலர், தெரு ஒரு டாலர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனேன்.

பாதிக்குக் கீழே ஒரு இஃப்.

யாரும் சொல்லித் தராமல் முழுசாக நானே படித்த முதல் இஃப். தெரு காலனி என்றால், வரிசை எண்ணோடு நூறு கூட்டு. கூட்டிய பிறகுதான் யார் முன்னே, யார் பின்னே என்று அடுக்கி நம்பர் தருகிறது.

அவ்வளவுதான். ஒரே வரி. காலனி என்ற வார்த்தை இங்கிலீஷில். அதற்கு எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை, பஸ் போர்டில் தினம் பார்க்கிற எழுத்து. பாதை என்று ஒன்றும் இல்லை. வயல், வாய்க்கால் எதுவும் இல்லை. மேலே போனேன், கீழே வந்தேன். இல்லை.

எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று ஒரு நப்பாசை. சரி பார்த்துவிடலாம் என்று போனில் புதுசாக ஒருவரைப் பதிந்தேன். பெயர் ராமலிங்கம். அப்படி யாரும் ஊரில் இல்லை. தெரு: பெரிய தெரு. நிலம், எனக்கு இருக்கிற அதே அளவு. போன் வீட்டுக்காரருடையது.

ராமலிங்கத்துக்கு நம்பர் ஒன்பது.

அவர் வந்ததில் என் நம்பர் இன்னும் ஒன்று ஏறிவிட்டது. பிறக்காத மனுஷன் எனக்கு முன்னால் நிற்கிறான்.

கஞ்சி குடிக்கவில்லை. ஆடு கத்தியது. தழை போட மறந்திருக்கிறேன்.

தை 11, ஞாயிறு

தூறல். விட்டு விட்டு.

வீட்டுக்காரர் இருந்தார். பாண்டியில் கொத்தனார் வேலை, ஞாயிறு லீவு. சொன்னேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பாஸ்வேர்டு உங்கிட்டதான இருக்குது. அழிச்சிட்டுப் போயேன்."

"அவ எழுதினது. அவ வரட்டும். அவளே அழிக்கட்டும்."

"அழிப்பாளா?"

"சுகந்திய உனுக்குத் தெரியாது."

"எனுக்குத் தெரியாதுதான்" என்றார். டீ போட எழுந்து போய்விட்டார். அவர் டீ போடுவது வருஷத்துக்கு ஒரு தடவை.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது வரை ஒரே பெஞ்சு நானும் அவளும். நான் வண்டியிலிருந்து விழுந்து பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு கிடந்தபோது, இனி சேற்றில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தவள். "உக்காந்து செய்ற வேல கத்துக்கோடி, நான் சொல்லித் தரேன்." ஒரு நாள் முழுக்க பெட் பக்கத்தில் இருந்தாள். அதை நினைத்தேன். பிறகு வேறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. இத்தனை மாதப் பாடமும் அவர்கள் வீட்டு முன் ரூமில்தான். ஒரு தடவை கரண்ட் போய், உள்ளே காற்று வருமே என்றேன். இன்வெர்ட்டர் இருக்குடி என்றாள். முன் ரூமில் ஃபேன் ஓடவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

தை 12, திங்கள்

காலையில் வெயில் மாதிரி ஒன்று. பத்து மணிக்குப் போனேன்.

"வாடி, இஃப் எல்லாம் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். நீ போட்டதையும் பாத்தேன்."

முகம் மாறியது. உடனே சிரிப்பு.

"ராமலிங்கம் நீதானா? அண்ணன் ரெண்டு நாளா தேடிக்கினு இருக்குது, பெரிய தெருவுல எவன்டா இவன்னு."

"காலனின்னா நூறு கூட்டுன்னு எழுதினது யாரு?"

"அண்ணன் சொல்லிச்சி. பெரிய தெருவுல கோவிச்சிக்குவாங்கன்னு. எல்லாம் ஒரே வரிசையில வந்தா அண்ணனுக்கு புரோக்கர் வேலையே போயிடும். நான் இன்னா பண்றது?"

"பாதைன்னியே."

லேப்டாப் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"நான் வூடு வூடாப் போயி சொன்னேனே சுகந்தி. உங்கிட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

அப்போது சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். "நீ அதப் படிச்சிருவேன்னு நான் நெனைக்கலடி."

எழுதியது கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்துப் பட்டன் காட்டி, சரியாக வந்தால் கை தட்டி, மனசுக்குள் இவளுக்கு வராது என்றே இருந்திருக்கிறாள். வராது என்ற தைரியத்தில்தான் பாஸ்வேர்டே கொடுத்திருக்கிறாள்.

"இன்னிக்கே எடுத்துடறேன்" என்றாள். "சாமி சத்தியமா."

நம்பிக்கொண்டு வந்தேன். அது என் புத்தி.

நாலு மணிக்கு மழை. சாய்த்து அடித்தது. போனில் பார்த்தேன், நம்பர் இருபத்தாறு. லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி போட்டேன். செமிகோலன் இல்லை, ஒன்றும் இல்லை, சரியாகத்தான் போட்டேன். தப்பு என்றது.

தை 13, செவ்வாய்

மழை விட்டது. பயிர் படுத்துவிட்டது. எங்கள் வயல், அஞ்சலை அக்கா வயல், வரிசையாகப் பாய் விரித்த மாதிரி. தண்ணீரில் கதிர்.

குழாயடியில் சொன்னேன். முதலில் இருந்து கடைசி வரை. சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அஞ்சலை அக்கா குடத்தைக் கீழே வைத்தது.

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"அவளே அழிச்சிருவான்னு பாத்தேன்."

"ஒம் படிப்பு இவ்ளோதான்." பிறகு, "சரி, கயிறு எடு. கால நீட்டி வரப்புல உக்காந்து கட்டு கட்டு. நாங்க அறுக்கறோம்."

பெரிய தெருவில் பாதி வயல் இன்னும் நிற்கிறது, அதுவும் படுத்துவிட்டது. சேற்றில் மெஷின் இறங்காது. மத்தியானம் ஏழுமலை பைக்கில் வந்து கையறுப்புக்கு ஆள் கேட்டார். அஞ்சலை அக்கா நிமிரவே இல்லை. "நம்பர் போட்டுட்டுப் போ. நூறு கூட்டிக்கறோம்."

சிரிப்பதா என்று தெரியாமல் கட்டுக் கயிறு முறுக்கினேன்.

தை 14, புதன்

அறுப்பு. முதுகு வலி. கை முழுக்க சுணை. எங்கள் தெரு வயல் பாதி முடிந்தது. அடியில் இருந்த கதிர் முளை விட்டிருக்கிறது, அது போனது போனதுதான். கோழிக்கு ஆகும்.

லேப்டாப் தொடவில்லை.

தை 15, வியாழன்

வெயில். நல்ல வெயில். இப்போது வருகிறது.

களத்தில் நெல் பரப்பிக்கொண்டிருந்தோம். சுகந்தி வந்தாள், அவள் லேப்டாப்போடு. எங்கள் தெருவுக்குள் வந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அண்ணன் அனுப்பியிருப்பார், கையறுப்புக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

"எடுத்துட்டேன்டி. நீயே பாரு."

பாஸ்வேர்டை அவளே போட்டுத் திறந்து என் பக்கம் திருப்பினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீழே போனேன், வரி வரியாக.

அந்த வரி அங்கேதான் இருந்தது. முன்னால் இரண்டு சாய்ந்த கோடு மட்டும் புதுசு. அப்படிக் கோடு போட்டால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி அழியாது. கோட்டை எடுத்தால் மறுபடி வேலை செய்யும். எந்த அறுப்புக்கு வேண்டுமானாலும்.

"இதான் எடுத்ததா?"

"இனிமே ஓடாதுடி. உனுக்கு அதான வேணும்?"

"அழிக்கறதுக்கு இன்னா?"

அவள் களத்தைப் பார்த்தாள். அஞ்சலை அக்கா நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே இந்தப் பக்கம் காது.

"அண்ணன் இருக்கட்டும்னு சொல்லிச்சி."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். டிலீட் பட்டன் அவளுக்கு நேராக இருந்தது. அவள் மூடியை மெதுவாக மூடினாள்.

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து சொன்னாள், "நான் சொல்லித் தந்தத வெச்சி என்னையே கேக்கற."

"ஆமா" என்றேன்.