வாணலியைத் தேட வேண்டாம்

“பச்சை மீனை யாராவது விருந்தாளிக்கு வைப்பாங்களாடி?” என்று காலையில் நீங்கள் போட்ட சத்தத்தில், கீழ்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். நான் பதில் சொல்வதற்குள் குளிக்கப் போய்விட்டீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அது பச்சை மீன் இல்லை. உப்பிட்டுப் புகை போட்ட சால்மன். அப்படியே சாப்பிடலாம்.

பையனும் அந்தப் பெண்ணும் பதினோரு மணிக்கு வருவார்கள். ரொட்டியை வாட்டி, சூடு ஆறியதும் க்ரீம் சீஸ் தடவுங்கள். மேலே மீன், நாலு வெங்காய வளையம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இன்னொரு ரொட்டியால் மூடிவிடாதீர்கள். அது திறந்தேதான் இருக்க வேண்டும், உங்கள் வாய் மாதிரி.

போன வருஷம் அவன் கூட்டி வந்த நூலகத்துப் பெண்ணுக்கு இதே மீனை மிளகாய்த்தூள் போட்டு மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தீர்களே, அவள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாள். வறுவல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தையல்காரம்மா சொல்கிறாள். இந்தப் பெண்ணின் பேச்சை எடுத்தாலே நம் பையன் முகம் மலர்ந்துவிடுகிறது. இவளையும் விரட்டிவிடாதீர்கள்.

வாணலியைத் தேட வேண்டாம். மருந்துக்கடை வேலைக்குப் போகும்போது என்னோடு எடுத்துப் போகிறேன். ஒரு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு. புகை வாடை உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் குளித்து முடிப்பதற்குள் ரெண்டு துண்டு வறுத்து, மைக்ரோவேவுக்குள் மூடி வைத்திருக்கிறேன், மிளகாய்த்தூள் தூக்கலாக. அவர்கள் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.