ஹெலிகொப்டருக்கு நான் வைத்த பொட்டு

என் பிரியமுள்ள மச்சான் சவரிமுத்து,

உன்னை அடக்கம் செய்து இன்றோடு பத்தொன்பது நாள். உன் மகள் மேரி உன்னுடைய கம்பளியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். இப்போது அதைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் பீடி வாசம் இன்னும் போகவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். ஊரே வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று ஒலிபெருக்கி பிடித்தவன் உன்னை "நம்ம பொட்டு சவரி ஐயா" என்று அறிவித்தான். மழைக்குக் குடை பிடித்து நின்றவர்களில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஹெலிகொப்டருக்குப் பொட்டு வைத்துக் கெடுத்த வேதக்காரக் கிறிஸ்தவன் என்றுதான் இந்தத் தோட்டம் உன்னை நினைவில் வைத்திருக்கிறது. அதைப் பறக்க வைத்தவன் நீ என்று ஒருவரும் சொல்லவில்லை. பொட்டு வைத்தவன் நான் என்று, பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.

இனிச் சொல்லத்தான் வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி அது. நாம் இரண்டு பேரும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இன்ஜின் ரூம் வேலை. கொத்மலைப் பக்கம் மண் சரிந்து பாதை அறுந்துபோய், லயத்து வீடுகளில் அகப்பட்டவர்களுக்கு ஹெலிகொப்டரில் அரிசியும் மருந்தும் கொண்டுபோனார்கள். திரும்புகிற வழியில் அது நம்முடைய பந்தடிக்கிற மைதானத்தில் இறங்கியது. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கவும் மறந்து பெண்கள் மலையிலிருந்து ஓடி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காற்றில் பறந்த கொழுந்துக்கு அன்று நிறுவையே இல்லை.

இரண்டு பைலட்மார். மூத்தவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசினார். இளையவர் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். மின்சாரம் உண்டாக்குகிற ஜெனரேட்டர் வேலை செய்யாவிட்டால் எரிகிற சிவப்பு விளக்கு, பறக்கும்போது எரிந்துவிட்டதாம். தரையில் இன்ஜினை மெதுவாக ஓட விட்டால் விளக்கு அணைந்துவிடுகிறது. வேகம் கூட்டினால் சில நேரம் எரிகிறது, சில நேரம் இல்லை.

"தரையில நல்ல பிள்ளை," என்றார் மூத்தவர். "மேல போனா கள்ளன்."

"அப்ப இது எங்க கருப்பையா மாதிரிங்க," என்று என்னைக் காட்டினாய் நீ. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நம்மைக் கிட்டே விட்டார்.

நாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தோம்? ஸ்டோரில் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அங்கேயும் செய்தோம். ஒருவன் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வயராக மெல்ல அசைப்பான். மற்றவன் விளக்கைப் பார்த்துக் குரல் கொடுப்பான். இளைய பைலட் இன்ஜினை வேகமாக ஓட விட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு விளக்கையே பார்த்திருந்தேன். அந்த இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், எரிந்தால் கையைத் தூக்கினேன், அணைந்தால் இறக்கினேன். மூத்தவர் வெளியே நின்று என் கையைப் பார்த்து உன் தோளைத் தட்டிக் காட்டினார். பதினோராவது வயரில் என் கை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.

எர்த் வயர். முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்து, ஆணி தளர்ந்திருந்தது. இன்ஜின் அதிரும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டது. இன்ஜினை நிறுத்தியதும் நீ அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிக் கட்டினாய். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. இளையவர் தன் புத்தகத்தை மூடி வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குள் மூட்டம் இறங்கிவிட்டதால் அவர்கள் தொரை பங்களாவில் தங்கினார்கள். விடிந்ததும் நான் சந்தனமும் குங்குமமும் கொண்டு மைதானத்துக்குப் போனேன். பழுது பார்த்த மெசினுக்குப் பொட்டு வைக்காமல் நான் என்றைக்காவது ஓட்டியிருக்கிறேனா? மூக்கில் ஒன்று, கதவில் ஒன்று வைத்தேன். பக்கவாட்டில், பொட்டுக்கென்றே செய்து வைத்ததுபோல வட்டமாக ஒரு சின்னத் தகடு இருந்தது. நடுவில் ஊசித் துவாரம். அந்தப் பக்கமும் ஒன்று. இரண்டுக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பினேன்.

ஹெலிகொப்டர் எழும்பியது. ஸ்டோர்க் கூரை உயரம் போய், கொஞ்சம் நின்று, திரும்ப வந்து இறங்கியது. மேலே போகப் போக உயரம் காட்ட வேண்டிய முள் அசையவே இல்லையாம். மூட்டம் மூடிய மலைகளுக்கு நடுவே அந்த முள்ளை நம்பித்தான் பறப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூத்தவர் அந்த முள்ளின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி ஹெலிகொப்டரைச் சுற்றி வந்தவர் அந்தத் தகட்டுக்கு முன்னால் நின்றார். வெளிக்காற்றை முள்ளுக்குக் கொண்டுபோகிற துவாரம் அது. என் சந்தனம் காய்ந்து அதை அடைத்திருந்தது.

தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரையும் அங்கே நின்றார். "யார் செய்தது?" என்றார்.

ஸ்டோர் அதிகாரி டீமேக்கரை எதிர்த்துப் பேசியதற்கு என் பேரில் ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. மூன்றாவது வந்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். வீட்டில் என் பெண்சாதி செல்லம்மாவுக்கு ஆறு மாதம். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் வாய் திறக்கத்தான் போனேன், மச்சான். நீதான் முந்திக்கொண்டாய்.

"நான்தாங்க தொர."

கழுத்தில் மாதா சுரூபப் பதக்கம் தொங்க, நீ அதைச் சொன்னாய். சுற்றி நின்ற இருநூறு பேருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டாமா? எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள்.

மூத்தவர் ஒரு ஈர்க்குச்சி கேட்டு வாங்கி, இரண்டு துவாரத்தையும் தானே சுத்தம் செய்தார். நான் ஈரத்துணியோடு மற்றப் பொட்டுகளைத் துடைக்கப் போனேன். "அது இருக்கட்டும்," என்றார். "இந்த ஓட்டையில மட்டும் வேணாம்." மூக்கில் குங்குமத்தோடு அது நானுஓயாப் பக்கமாகப் போய் மறைந்தது.

அவர் மன்னித்தார், தொரை மன்னிக்கவில்லை. இன்ஜின் ரூமில் இனிக் கால் வைக்கக் கூடாது என்று உன்னைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு அனுப்பினார். இன்ஜின் இரைச்சலைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்தது என்று சொல்கிறவனின் கையில் கவ்வாத்துக் கத்தி. அன்று பொழுதுபட உன் காம்பராவுக்கு வந்து சண்டை போட்டேன். என்னைக் கேட்டாயா, யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்று கத்தினேன். நீ பீடியைப் பற்ற வைத்துக்கொண்டாய்.

"ஒனக்கு ரெண்டு கடுதாசி இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல கேக்க என்னடா இருக்கு?"

அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாய். பொய் சொன்னதற்குச் சாமியார் பத்து மாதா ஜெபம் சொல்லச் சொன்னாராம். "பாதி ஒன்னோடது மச்சான். அஞ்ச நீ சொல்லிரு," என்றாய். நான் முருகனைக் கும்பிடுகிறவன், அதெல்லாம் என் வாயில் வராது என்றேன். அதற்குப் பிறகு எத்தனை வருசம், பார்க்கும்போதெல்லாம் "அஞ்சு பாக்கி" என்று விரலைக் காட்டினாய்! ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் காட்டினாய். அப்போதும் நான் மாட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லி முடித்துவிட்டால் நமக்குள் கணக்குத் தீர்ந்துவிடும் என்று பயந்தேனோ?

அந்தத் தொரை கப்பலேறிய பிறகாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பேரோடு ஒட்டிவிட்டது, இனிப் பிய்த்தால் தோலும் வரும் என்று நீ தடுத்தாய். உன் பேச்சைக் கேட்டது என் தப்பு.

இப்போது நுவரெலியாவுக்கு வருகிற பணக்காரர்களின் ஹெலிகொப்டர் மாதத்துக்கு இரண்டு தரம் நம் ஸ்டோருக்கு மேலே போகிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் வெளியே வந்து பார்க்கிறேன். சத்தம் சீராக இருக்கிறதா என்று காது கொடுக்கிறேன். உன்னளவுக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மெசினுக்குப் பொட்டு வைத்தது தப்பே இல்லை. வைத்த இடம்தான் தப்பு. பைலட்டே அதைத்தான் சொன்னார்.

உன் முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்கு வருவேன். பூசை முடிந்ததும் எழுந்து நின்று, எர்த் வயரைக் கண்டுபிடித்தவன் யார், சந்தனம் அப்பியவன் யார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். ஒலிபெருக்கிக்காரனை முன் வரிசை வாங்கில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். பிறகு உன் குழிமேட்டுக்கு வருவேன். மேரி எனக்கு மாதா ஜெபம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு இடத்தில் இன்னும் தடுக்குகிறது. அன்றைக்கு நாலு சொல்வேன். ஒன்று பாக்கி இருக்கட்டும். அதை நேரில் வந்து சொல்கிறேன்.

பொட்டு வைத்தவன்,
உன் மச்சான் கருப்பையா