பனியுடுப்புக்குள் சீலை

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து ஈரப்பனி. பஸ் தாமதம். சப்பாத்துக்குள் தண்ணீர். மாற்றுக் காலுறை தேடியதிலேயே பத்து நிமிடம்.

நான் வேலை செய்யும் கலைக்கூடத்தில் இந்த வாரம் ரூமாவின் கண்காட்சி. பெற்றோர் கொல்கத்தாக்காரர், அவள் இங்கே நோர்வேயில், ஹொல்ம்லியாவில் வளர்ந்தவள். என் வயதுதான், முப்பத்தைந்து. நோர்ஸ்க்கில், இந்த நாட்டு மொழியில்தான் கதைப்போம். என் வேலை: படைப்புகளைத் தொங்கவிடுவது, பிறகு வருகிறவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்வது.

தொங்கவிட்டவை: சிறுபிள்ளைகள் குளிருக்குப் போடும் பனியுடுப்புகள், ஏழு. எல்லாம் பழையவை, கருநீலம், வெளியே ஒரு விசேஷமும் இல்லை. ஸிப்பைத் திறந்தால் உள்ளே முழுக்க ரூமா தைத்த சீலைத்துணி. சிவப்பு, மயில் நீலம், சரிகை.

வெளிச்சம் போடும் செந்தில், மதுரைக்காரர், ஏணியில் நின்றபடி: "ஏங்க யாழினி, உள்ள இருக்கறது புடவையா?"

"சீலை."

"அதாங்க, புடவை."

மூன்று வருடமாக இதே வாக்குவாதம்.

மத்தியானம் ரூமா சாப்பிடவில்லை. கேட்டேன். அம்மா மூன்று கிழமையாக அவளோடு கதைக்கவில்லையாம். அவளுக்கு நாலு வயதில் யாரோ கொடுத்த பழைய பனியுடுப்பு, உள்துணி கிழிந்தது. அம்மா தன் சீலை ஒன்றை வெட்டி உள்ளே தைத்துவிட்டார். பார்னஹாகேயில், அதுதான் பாலர் பள்ளியில், மற்றப் பிள்ளைகள் கண்டுவிடுவார்கள் என்று ரூமா அதைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டே விளையாடுவாளாம். இப்போது அதையே பெருமையாகக் கண்காட்சி வைப்பதற்கு அம்மா சொன்னது: "நாங்கள் ஒண்டும் இல்லாமல் இருந்ததை எல்லாருக்கும் காட்டப் போறியா?"

"திறப்புக்கு அவ வரமாட்டா," என்றாள். பிறகு என் வாழைப்பழத்தை எடுத்துச் சாப்பிட்டாள்.

எனக்கும் ரொம்சோஸில், பள்ளிக்காலத்தில், இப்படி ஒன்று. தொப்பிக்குள் நல்லெண்ணெய் மணம், அதனால் வகுப்பில் யார் பக்கத்திலும் குனிய மாட்டேன். யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

ஒக்டோபர் 8, புதன்

வெயில். மின்குமிழ் இரண்டு மாற்ற வேண்டும். விளக்கச்சீட்டில் ஒரு பிழை.

பதினொரு மணி, இன்னும் திறக்காத கூடத்துக்குள் ஒரு பெண். அறுபது இருக்கும். தடித்த ஜாக்கெட், கையில் கடைப்பை. கதவைப் பூட்ட மறந்தது நான்தான். நேராக மூன்றாவது உடுப்பிடம் போய், உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவினார்.

"தொடாதேங்கோ," என்றேன் நோர்ஸ்க்கில்.

"இது பிழை. சிவப்பு இல்லை, மஞ்சள். அண்டைக்கு நான் தைச்சது எனக்குத் தெரியாதா?"

சமையலறைக்கு ஓடினேன். "ரூமா, உங்கட அம்மா வந்திருக்கிறா."

அவர்கள் கதைத்தது வங்காள மொழியில், ஒன்றும் விளங்கவில்லை. முதலில் அம்மா மட்டும், வேகமாக. ரூமா ஒரே ஒரு சொல். அம்மா கடைப்பையிலிருந்து எடுத்தார்: சின்னப் பனியுடுப்பு, முழங்கால் தேய்ந்தது, உள்ளே மஞ்சள் சீலை. முப்பது வருடமாக அலுமாரியில் இருந்ததாம். ரூமா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை, சிரிப்பு, இரண்டும்தான். செந்தில் ஏணியிலிருந்து இறங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னிடம் அம்மா நோர்ஸ்க்கில் சொன்னார்: "காட்டத்தான் போறாள் எண்டால் சரியானதைக் காட்டட்டும்."

நடுவில் எட்டாவது கொக்கி அடித்தோம். "யார் தைச்சது எண்டு கீழே எழுதுங்கோ," என்றார் அம்மா. பெயரைக் கேட்டு எழுதினேன். ஷெஃபாலி. ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், அவரே பேனா வாங்கித் திருத்தினார்.

ஒக்டோபர் 9, வியாழன்

திறப்பு. நினைத்ததைவிடச் சனம். கோப்பைகள் போதவில்லை. ஷெஃபாலி அன்ரி பச்சைச் சீலையில், நடுவில் நின்று ஒவ்வொருவரிடமும்: "கையை உள்ளுக்கு விடுங்கோ. சூடு தெரியுதா?" எல்லாரும் வரிசையாகக் கைவிட்டார்கள். தொடக் கூடாது என்ற பலகையை நானே கழற்றிச் சமையலறையில் வைத்தேன்.

வயதான ஒரு நோர்வேக்காரி: "நானும் என்ட பிள்ளைக்கு யன்னல் திரையை வெட்டித் தைச்சனான்."

அன்ரி: "என்ன நிறம்?"

அரை மணி நேரம் இருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

என் அம்மாவும் ட்வெய்ட்டாவிலிருந்து வந்தா. எட்டையும் சுற்றிப் பார்த்தா, இரண்டு தரம்.

"இதுதானா உன்ட வேலை?"

"ஓம் அம்மா."

"நல்ல வேலை."

இந்த வேலைக்கு வந்து ஆறு வருடத்தில் அம்மா இப்படிச் சொன்னது முதல் தடவை. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் 11, சனி

குளிர். பால், பற்பசை வாங்க.

ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர், நல்ல கோட்டு. எட்டையும் வாங்க விருப்பமாம், முக்கியமாக மஞ்சளை. ரூமா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அன்ரி இன்றைக்கும் வந்திருந்தார். கேட்டோம்.

"மற்ற ஏழு உடுப்பையும் கொண்டுபோங்கோ. இது தரேலாது."

அவர் பணிவாக விளக்கினார்: இதைப் பாதுகாக்க வேண்டும், அளவான வெளிச்சம், அளவான சூடு, கண்ணாடிப் பெட்டி.

அன்ரி முழுக்கக் கேட்டார். தலையாட்டினார். பிறகு:

"என்ட மகன்ட மகள் ஜனவரியில பார்னஹாகேக்குப் போகப் போறாள். அவளுக்குப் போட உடுப்பு வேணும்."